கொடியைப் பிடுங்கு, குட்டிப் பாஸ் போடு: அமெரிக்கக் கல்லூரியில் ஃபிளாக் ஃபுட்பால் ஆட முழு வழிகாட்டி

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போய் இறங்கியதும் மெயிலில் வந்து குவியும் அறிவிப்புகளில் ஒன்று, இன்ட்ராமூரல் ஃபிளாக் ஃபுட்பாலுக்குப் பதிவு தொடங்கிவிட்டது என்பது. நம்மவர்கள் பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. டிவியில் பார்த்த ஹெல்மெட், தோள் கவசம், ஓடுகிறவர் மேல் நாலு பேர் பாய்ந்து விழுவது எல்லாம் நினைவுக்கு வர, "நமக்கெதுக்கு வம்பு" என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஃபிளாக் ஃபுட்பாலில் ஆளை இடிக்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. பந்தோடு ஓடுகிறவரின் இடுப்பில் தொங்கும் கொடியைப் பிடுங்கினால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும். அவ்வளவுதான். அந்த முட்டை வடிவப் பந்தைத் தொட்டே பார்க்காத ஏழு பேர் சேர்ந்தாலும், இரண்டே இரண்டு வேலையை ஒழுங்காகச் செய்தால் பொழுதுபோக்குப் பிரிவில் தாக்குப்பிடிக்கலாம், சில ஆட்டங்களை ஜெயிக்கவும் செய்யலாம். ஒன்று, கைக்கு வந்த கொடியை விடாமல் பிடுங்குவது. இன்னொன்று, கிட்டத்தில் நிற்பவருக்குப் பந்தைப் போடுவது. மற்றதெல்லாம் அப்புறம்.

எந்த விதிப்படி ஆடுகிறார்கள்

இன்ட்ராமூரல் என்பது ஒரே கல்லூரி மாணவர்கள் தங்களுக்குள் அணி பிரித்து ஆடும் போட்டி. மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒஹாயோ ஸ்டேட்டும் 1913-இலேயே இதற்கென்று தனி இயக்குநரை நியமித்தன. 1950-இல் நியூ ஆர்லியன்ஸின் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இன்ட்ராமூரல் அமைப்பு இன்று நிர்ஸா என்ற பெயரில் இயங்குகிறது. பல கல்லூரிகள் அதன் விதிப்புத்தகத்தை எடுத்து, தங்கள் மைதானத்துக்கும் ஆட்களுக்கும் ஏற்ப அங்கங்கே மாற்றிக்கொள்கின்றன. சில இடங்களில் அணிக்கு நாலு பேர், பல இடங்களில் ஏழு, ஆண் பெண் சேர்ந்து ஆடும் கோ-ரெக் பிரிவில் பெரும்பாலும் எட்டு. இங்கே நான் சொல்வது ஏழு பேர் ஆடும் நிர்ஸா முறை. உங்கள் கல்லூரியின் விதித்தாள் வேறு மாதிரி சொன்னால் அதுதான் சட்டம்.

யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பகுதி அணிக்கு ஐந்து பேர் ஆடும் முறை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வரப்போவதும் அதுதான். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டைச் சேர்த்த அதே கையோடு ஃபிளாக் ஃபுட்பாலையும் சேர்த்தது. அந்த முறையில் குவார்ட்டர்பேக் (பின்னால் நின்று பந்தை வாங்கிப் பாஸ் போடுகிறவர்), ஆட்டம் தொடங்கப் பந்து வைத்த கோட்டைத் தானே பந்தோடு தாண்டி ஓட முடியாது. அவரை நோக்கிப் பாய்கிறவர் ஏழு யார்டு தள்ளி நின்றுதான் கிளம்ப வேண்டும். நிர்ஸா முறையில் குவார்ட்டர்பேக் ஓடலாம், எதிராளியும் கோட்டுக்கு ஒரு யார்டு தள்ளி நின்று நேரே பாயலாம். ஆட்டத்தின் வேகமே வேறு.

அணி சேர்ப்பது, பதிவு செய்வது

சீசன் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கி நவம்பரோடு முடிந்துவிடும். பதிவுக்கான நாட்கள் குறைவு, வகுப்பு தொடங்கிய ஓரிரு வாரத்திலேயே முடிந்துவிடலாம். பல கல்லூரிகள் ஐஎம்லீக்ஸ் என்ற தளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. அதில் கேப்டன் அணியை உருவாக்குவார், மற்றவர்கள் அவர் அனுப்பும் அழைப்பை ஏற்றுச் சேர வேண்டும். கேப்டனுக்குச் சில இடங்களில் ஒரு கூட்டமோ ஆன்லைன் வினாவோ இருக்கும். அதைத் தவறவிட்டால் அணியே இல்லை.

பிரிவு கேட்கும்போது கூச்சப்படாமல் ‘ரெக்ரியேஷனல்’ என்பதையே எடுங்கள். ‘காம்பெட்டிடிவ்’ பிரிவில் பள்ளியில் நாலு வருடம் கவசத்தோடு ஆடிவிட்டு வந்தவர்களும், வருடா வருடம் சேர்ந்தே ஆடும் ஃபிரடர்னிட்டி (மாணவர் சங்க) அணிகளும் இருப்பார்கள். அவர்களிடம் முதல் வருடமே போய் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

ஏழு பேர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு பேரைச் சேருங்கள். வாட்ஸ்அப் குழுவில் "நான் வர்றேன்டா" என்று கட்டைவிரல் காட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அன்று மாலை அசைன்மென்ட் இருக்கும். ஆள் போதாமல் ஆட்டத்தைக் கைவிட்டால் அதற்குப் பெயர் ஃபோர்ஃபிட். பல இடங்களில் அபராதமும் உண்டு, இரண்டு முறை நடந்தால் அணியையே நீக்கிவிடுவார்கள். வர முடியாது என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் தோல்வியோடு போகும், அபராதம் இருக்காது. அந்தக் கெடு எப்போது என்பதைக் கேப்டன் முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அணி சேர ஆள் கிடைக்கவில்லை என்றால் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ பட்டியலில் பெயர் கொடுங்கள். ஆள் குறையும் ஏதாவது ஒரு அணி கூப்பிடும். தமிழ் ஆட்களோடுதான் ஆடுவேன் என்று காத்திருப்பதைவிட இது ஒரு வகையில் மேல். ஆட்டம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் பிடிபடும்.

என்ன போட்டுக்கொண்டு போவது

இதில் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் நம் ஆட்கள் மைதான வாசலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்: பாக்கெட். பாக்கெட் இல்லாத ஷார்ட்ஸோ டிராக்கோதான் போட வேண்டும். கொடியைப் பிடுங்க வரும் விரல் பாக்கெட்டில் சிக்கினால் விரல் உடையும், அதனால் ரெஃபரி விட மாட்டார். டேப் ஒட்டிச் சமாளிக்கவும் பெரும்பாலும் அனுமதி இல்லை. கையில் இருக்கும் ஷார்ட்ஸ் எல்லாவற்றிலும் பாக்கெட் இருக்கிறதா, மலிவான கூடைப்பந்து ஷார்ட்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள், வாங்கும்போது பாக்கெட் இல்லையா என்று கையை விட்டுப் பாருங்கள். சட்டையை உள்ளே விட்டுக்கொள்ள வேண்டும், அல்லது அது இடுப்புக்கு நாலு அங்குலம் மேலேயே முடிய வேண்டும். கொடியை மறைத்துத் தொங்கக் கூடாது.

காலுக்கு ரப்பர் குமிழ் வைத்த கிளீட்ஸ் இருந்தால் நல்லது, உலோக ஆணி வைத்தது கூடாது. சாதாரண ஓட்ட ஷூவில் ஆடலாம், ஆனால் இரவு ஆட்டங்களில் புல் பனியில் நனைந்திருக்கும், திரும்பும்போது வழுக்கும். பல்லுக்கு ஒரு மவுத்கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. நகை விஷயத்தில் பல கல்லூரிகள் கண்டிப்பு. செயின், காப்பு, மோதிரம், மூக்குத்தி எதுவானாலும் கழற்றச் சொல்லலாம். கழற்றவே முடியாதது ஏதாவது இருந்தால் ஆட்டத்தன்று ரெஃபரியோடு வாதாடாமல், ரெக்ரியேஷன் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். மாணவர் அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். நண்பனின் அட்டையில் ஆடினால் இரண்டு பேருக்குமே தடை.

பத்து நிமிடத்தில் விதிகள்

மைதானம் 80 யார்டு நீளம், 40 யார்டு அகலம். இரண்டு முனையிலும் 10 யார்டு ஆழத்தில் எண்ட் ஸோன். 80 யார்டையும் 20 யார்டு வீதம் நாலு கட்டமாகப் பிரித்து கோடு போட்டிருப்பார்கள். கிரிக்கெட் பிட்ச் 22 யார்டு என்பதால் ஒரு கட்டத்தின் நீளம் நம் கண்ணுக்குத் தெரிந்ததுதான்.

பந்து கையில் உள்ள அணிக்கு நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நாலு டவுனுக்குள் அடுத்த கட்டக் கோட்டைத் தாண்டினால் புதிதாக நாலு டவுன் கிடைக்கும். தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்கு. நாலாவது டவுனில் ஆபத்து வேண்டாம் என்றால் ரெஃபரியிடம் சொல்லிவிட்டுப் பந்தை உதைத்து தூரத்துக்கு அனுப்பலாம். அப்போது உதைக்கும்வரை யாரும் பாய முடியாது.

பந்தை உதைத்துத் தொடங்கும் கிக்-ஆஃப் கிடையாது. ஒவ்வொரு பாதியும், ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகான ஆட்டமும், பந்து கிடைத்த அணியின் பக்கத்து 14 யார்டு கோட்டில் பந்தை வைத்துத் தொடங்கும். பந்தைத் தரையிலிருந்து பின்னால் கொடுப்பது ஸ்னாப். அதை வாங்குகிறவர் குறைந்தது இரண்டு யார்டு பின்னால் நிற்க வேண்டும். ரெஃபரி விசில் அடித்த 25 வினாடிக்குள் ஸ்னாப் நடக்க வேண்டும். முன்னோக்கி ஒரு டவுனில் ஒரே ஒரு பாஸ்தான், அதுவும் பந்து வைத்த கோட்டுக்குப் பின்னாலிருந்து. பக்கவாட்டிலோ பின்னாலோ எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டிவிடலாம். பந்து தரையைத் தொட்டால் ஆட்டம் செத்தது, பாய்ந்து எடுக்க வேண்டிய வேலை இல்லை. ஏழு பேரும் பாஸ் வாங்கத் தகுதியானவர்கள், ஸ்னாப் கொடுத்த சென்டரும்கூட. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

பந்தோடு எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் போய்விட்டால் அது டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி. அதற்குப் பிறகு ஒரு கூடுதல் முயற்சி: எண்ட் ஸோனுக்கு 3 யார்டு முன்னாலிருந்து போனால் ஒரு புள்ளி, 10 யார்டிலிருந்து இரண்டு, 20 யார்டிலிருந்து மூன்று. எங்கிருந்து என்பதை அணியே தேர்ந்தெடுக்கலாம்.

இருபது நிமிடப் பாதிகள் இரண்டு. கடிகாரம் நிற்காமல் ஓடும். இரண்டாம் பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் பாஸ் தவறினாலோ ஆள் கோட்டுக்கு வெளியே போனாலோ நிற்கும். அந்த இரண்டு நிமிட அறிவிப்பின்போது ஒரு அணி 19 புள்ளியோ அதற்கு மேலோ முன்னணியில் இருந்தால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. சமநிலையில் முடிந்தால் 10 யார்டிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் நாலு டவுன்.

பெல்ட்டும் கொடியும்

ரெஃபரி ஒரு பெல்ட் தருவார். அதில் மூன்று கொடி: இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று, பின்னால் ஒன்று. முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பூட்டு. கொடியை யாராவது இழுத்தால் பூட்டு ‘டப்’ என்று விட்டுக்கொண்டு பெல்ட் முழுக்கக் கழன்று வரும். பெல்ட்டை இறுக்கமாகவே போடுங்கள், தொளதொளவென்றிருந்தால் ஓடும்போது சுற்றிக்கொண்டு கொடி எல்லாம் முன்னால் வந்துவிடும். இறுக்கிய பின் மிச்சமாகத் தொங்கும் பட்டையை பெல்ட்டைச் சுற்றி மடித்துச் செருகிக்கொள்வது சிலருக்குப் பழக்கம். அது முடிச்சு மாதிரி பிடித்துக்கொண்டு பூட்டை விடாது. தெரியாமல் செய்தாலும் ரெஃபரி ஏமாற்று வேலையாகத்தான் எடுத்துக்கொள்வார். டச்டவுன் ரத்து, பத்து யார்டு பின்னடைவு, ஆளையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். டச்டவுன் போட்டவர் உடனே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ரெஃபரியிடம் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கொண்டாட்டம் இல்லை, பெல்ட் சரியாகக் கழல்கிறதா என்று அவர் இழுத்துப் பார்ப்பதற்காக.

யாரும் பிடுங்காமல் பெல்ட் தானாகக் கழன்று விழுந்தால் ஆட்டம் நிற்காது. அப்போது தோளுக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு கையால் தொட்டாலே போதும்.

புதியவர்கள் அதிகம் மாட்டுவது ஃபிளாக் கார்டிங்கில்தான். பந்தோடு ஓடும்போது எதிரே ஒரு கை இடுப்பை நோக்கி வந்தால், நம் கை தானாகவே அதைத் தட்டிவிடப் பார்க்கும். அதற்குப் பத்து யார்டு தண்டனை. கையை வீசி ஓடும்போது அது கொடியை மறைத்துக்கொண்டே போனாலும் அதே தண்டனைதான். சுலபமான வழி: பந்தை வாங்கியதும் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. சுழன்று தப்பலாம், இடுப்பை ஒடித்து ஏமாற்றலாம். ஆளைத் தாண்டிக் குதிக்கவோ கையை நீட்டித் தள்ளவோ கூடாது.

பிடுங்கப் பழகுவது

பயிற்சிக்கு ஒரே ஒரு மாலைதான் கிடைக்கிறது என்றால் அதில் பாதியை இதற்கே கொடுங்கள். எல்லா அணியும் பாஸ் போட்டுப் பழகிவிட்டு வருகிறது, கொடி பிடுங்க யாரும் பழகுவதில்லை. ஆட்டத்தில் பெரிய ஓட்டங்கள் விழுவதற்குக் காரணம் ஓடுகிறவரின் திறமை பாதி என்றால், மூன்று பேர் அடுத்தடுத்து கையை வீசிக் காற்றைப் பிடித்தது மீதிப் பாதி.

ஐந்து யார்டு அகலத்துக்கு இரண்டு பை வைத்து ஒரு சந்து உண்டாக்குங்கள். ஒருவர் பந்தோடு ஓடி வர வேண்டும், இன்னொருவர் பிடுங்க வேண்டும். ஓடி வருகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, தோளையும் பார்க்கக் கூடாது. அதெல்லாம் பொய் சொல்லும். இடுப்பு பொய் சொல்லாது, ஆள் போகிற பக்கம்தான் போகும். கபடியில் ரெய்டு வருகிறவரின் காலையும் இடுப்பையும் பார்த்தே நிற்பார்கள் அல்லவா, அதே கண்தான் இங்கேயும் வேண்டும். ஆனால் கபடி ஆடியவர்களுக்கு ஒரு தொல்லையும் உண்டு: கை தானாக ஆளையே பிடித்துவிடும். சட்டையைப் பிடித்தாலும் இடுப்பைக் கட்டினாலும் பத்து யார்டு போச்சு.

எதிரே வருகிறவர் இரண்டு கை தூரத்துக்கு வந்ததும் முழு வேகத்தைக் குறைத்து, குட்டிக் குட்டி அடியாக வைத்து, முட்டியை மடக்கித் தாழ வேண்டும். நேருக்கு நேர் நிற்காமல் அரை உடம்பு உள்பக்கமாக நின்றால் அவர் பக்கக் கோட்டை நோக்கித்தான் போவார். அந்தக் கோடு உங்களுக்காக ஆடும் இன்னொரு ஆள். இரண்டு கையாலும் ஒரே கொடிக்குப் போங்கள், துணியை முழு உள்ளங்கையால் பற்றி கீழ்நோக்கி இழுங்கள். விரல் நுனியால் கொத்தினால் வராது. பாய்ந்து விழாதீர்கள். தவறினால் எழுவதற்குள் அவர் பத்து யார்டு போயிருப்பார், நின்றபடி தவறினால் திரும்பித் துரத்தலாம்.

பிடுங்கியதும் அந்த இடத்திலேயே நின்று கொடியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுங்கள். ரெஃபரிக்கு அதுதான் அடையாளம். அப்புறம் பெல்ட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், தூக்கி எறிவது மரியாதை இல்லை.

ஒருவர் தவறவிட்டால் அடுத்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பந்து மறுபக்கம் இருக்கிறதே என்று யாரும் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. ஏழு பேரும் பந்தை நோக்கி ஓடும் அணியிடம் ஏமாற்றிப் போவது கஷ்டம்.

எறிவதும் வாங்குவதும்

பந்தில் தைத்திருக்கும் நூல் மேல் மோதிர விரலும் சுண்டு விரலும் உட்கார வேண்டும். ஆள்காட்டி விரல் பந்தின் பின்முனைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அடியில். உள்ளங்கை பந்தில் ஒட்டக் கூடாது, ஒளி தெரிகிற அளவு இடைவெளி இருக்கட்டும். முழங்கையைத் தோள் உயரத்துக்கு ஏற்றி, எறிகிற பக்கத்துக்கு எதிர்க்காலை இலக்கை நோக்கி வைத்து எறியுங்கள். விட்ட பிறகு கட்டைவிரல் கீழே பார்த்து, கை எதிர்ப்பக்கப் பாக்கெட்டில் நுழைவதுபோல் முடிய வேண்டும். பந்து சுழன்றுகொண்டு போகும். கிரிக்கெட் பந்து மாதிரி பக்கவாட்டில் வீசினால் ஆடி ஆடிப் போய் யாரோ ஒருவர் கையில் விழும். பத்து யார்டு தூரத்துக்கு நெஞ்சில் போடத் தெரிந்தால் போதும்.

வாங்கும்போது நெஞ்சுக்கு மேல் வந்தால் இரண்டு கட்டைவிரலும் சேர்ந்திருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் இரண்டு சுண்டுவிரலும். விரல் நுனி பந்தை நேரே பார்த்தபடி இருந்தால் கூர்முனை குத்தி விரல் வீங்கும், கீப்பிங் செய்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்லிப்பில் நின்று பழகியவரை ரிசீவராகப் போடுங்கள், கண்டிப்பாக நன்றாக ஆடுவார்.

யார் எங்கே, என்ன ஆட்டம்

நன்றாக எறிகிறவரைவிடப் பதற்றப்படாதவரே நல்ல குவார்ட்டர்பேக். அடுத்து முக்கியமானவர் சென்டர். பத்துக்குப் பத்து ஸ்னாப் சரியாகக் கொடுக்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் ஸ்னாப் தரையில் பட்டால் அந்த டவுனே போச்சு. இவர்கள் இருவரும் தனியாகவே பழகட்டும். மற்ற ஐந்து பேரில் இருவர் ஓரங்களில், இருவர் உள்பக்கம், ஒருவர் குவார்ட்டர்பேக் பக்கத்தில் மறைத்து நிற்க.

மறைப்பது என்றால் வழியில் நிற்பது மட்டும்தான். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டோ உடம்போடு ஒட்டிக்கொண்டோ நிற்க வேண்டும், நீட்டித் தடுக்கக் கூடாது. எதிராளி சுற்றிக்கொண்டு வர ஆகும் அந்த ஒரு நொடிதான் லாபம்.

இருபது ஆட்டத் திட்டம் எழுதி வைத்துக்கொண்டு யாருக்கும் நினைவில் நிற்காமல் திணறுவதைவிட நாலு திட்டம் போதும். எல்லோரும் ஐந்து காலடி ஓடித் திரும்பி நிற்பது ஒன்று. மூன்று காலடி நேராக ஓடி உள்பக்கம் குறுக்கே வெட்டுவது இரண்டு. மூன்றாவதாக, எனக்கு மிகவும் பிடித்தது: சென்டர் பந்தைக் கொடுத்துவிட்டு ஒரு நொடி சும்மா நின்று, அப்புறம் நாலு யார்டு போய்த் திரும்புவது. எதிரணியில் பலருக்குச் சென்டரும் பாஸ் வாங்கலாம் என்பதே நினைவிருக்காது. நாலாவது, பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டு ஓரமாக ஓடுவது. நீளமான பாஸைப் பாதிக்கு ஒருமுறை போடுங்கள், அது விழுகிறதோ இல்லையோ, எதிரணியின் கடைசி ஆட்களைப் பின்னாலேயே நிற்க வைக்கும்.

குட்டிப் பாஸை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கணக்கு அப்படி. 14 யார்டில் தொடங்கினால் முதல் கோடு 20-இல். நாலு டவுனில் ஆறு யார்டு போனால் போதும்! ஆனால் புதிய அணிகள் முதல் பந்தையே ஆகாயத்தில் ஏற்றி எதிரணிக்குத் தானம் செய்துவிடும். 22 யார்டுக்கு வந்துவிட்டால் அடுத்த கோட்டுக்கு 18 யார்டு, டவுனுக்கு நாலரை யார்டு. சென்டர் வாங்கும் குட்டிப் பாஸே அவ்வளவு தரும். இன்னொன்றும் கவனியுங்கள்: 38 யார்டில் இரண்டாவது டவுன் என்றால் முதலில் அந்த இரண்டு யார்டை எடுத்துவிட்டு, புது நாலு டவுன் கைக்கு வந்த பிறகு பெரிதாக எதையாவது முயலலாம். ஒவ்வொரு ஸ்னாப்புக்கு முன்னும் அணி வட்டமாகக் கூடிப் பேசும் ஹடிலில் ஒருவர் "கோட்டுக்கு எத்தனை யார்டு" என்று கேட்பதைப் பழக்கமாக்குங்கள்.

தமிழ் அணியாக இருந்தால் ஹடிலே தேவையில்லை. "ஓரத்துக்குப் போ", "உள்ள வெட்டு" என்று மைதானத்தில் சத்தமாகவே சொல்லலாம், எதிரே நிற்பவருக்குப் புரியாது. திட்டுவதை மட்டும் தவிருங்கள். விசில் வைத்திருப்பவர் கோயம்புத்தூர்க்காரராக இருக்க வாய்ப்பு உண்டு.

டிஃபென்ஸ்

ஆளுக்கு ஆள் துரத்துவது வேண்டாம், புதியவர்கள் அதில் குழம்பிப்போவார்கள். இடம் பிரித்து நில்லுங்கள்: இருவர் குவார்ட்டர்பேக்கை நோக்கி, மூவர் நடுவில், இருவர் கடைசியில். கடைசியில் நிற்கும் இருவருக்கு ஒரே கட்டளை, தங்களைத் தாண்டி யாரும் பின்னால் போகக் கூடாது. முன்னால் குட்டிப் பாஸ் விழட்டும், வந்து பிடுங்கிக்கொள்ளலாம். குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறவர்கள் ஒரே பக்கமாகப் போகாமல் இரு பக்கமும் போக வேண்டும், இல்லாவிட்டால் காலியான பக்கம் அவர் ஓடிவிடுவார். கையைத் தூக்கிப் பந்தை மறைக்கலாம், எறியும் கையைத் தொட்டால் பத்து யார்டும் புதிய நாலு டவுனும் அவர்களுக்குப் பரிசாகப் போகும்.

ஆட்டத்தன்று

அரை மணி நேரம் முன்பே போங்கள். தொடையும் கணுக்காலும் சூடாகாமல் வேகமாகத் திரும்பினால் தசை பிடித்துக்கொள்ளும், அக்டோபர் இரவுக் குளிரில் இன்னும் சீக்கிரம். பேசக் கேப்டனுக்கு மட்டும்தான் உரிமை. ரெஃபரி உங்களைப் போலவே ஒரு மாணவர், நாளை உங்கள் லேபில் பக்கத்து மேசையில் உட்காரக்கூடும். பல கல்லூரிகளில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அணியின் நடத்தைக்கு மதிப்பெண் உண்டு. அது குறைந்தால் எல்லா ஆட்டத்திலும் ஜெயித்திருந்தாலும் பிளே-ஆஃபுக்குப் போக முடியாது.

முன்னணியில் இருந்தால் கடைசி நிமிடங்களில் கோட்டுக்கு உள்ளேயே இருந்து, 25 வினாடியையும் முழுக்கப் பயன்படுத்துங்கள். பின்தங்கியிருந்தால் ஓரமாகப் பாஸ் போட்டு வெளியே போய்க் கடிகாரத்தை நிறுத்துங்கள்.

கோ-ரெக்கில் ஆடுகிறவர்கள் விதித்தாளை இரண்டு முறை படியுங்கள். நிர்ஸாவின் வழக்கமான கோ-ரெக் முறையில் ஆண் ஒருவர் பந்தோடு கோட்டைத் தாண்டி ஓட முடியாது, ஆணிடமிருந்து ஆணுக்கு ஒரு பாஸ் போனால் அடுத்து முடிகிற பாஸில் ஒரு பெண் எறிபவராகவோ வாங்குபவராகவோ இருந்தாக வேண்டும். பெண்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஆடும் அணிகள் இதில்தான் சிக்கித் தவிக்கும். நன்றாக எறியும் பெண் ஒருவர் குவார்ட்டர்பேக்காக இருந்தால் இந்தச் சிக்கலே வராது.

அடிபட்டால்

இடிக்கக் கூடாது என்றாலும் கணுக்கால் பிசகுவதும், விரல் மடங்குவதும், இரண்டு பேர் ஒரே பந்தைப் பார்த்து ஓடித் தலை மோதுவதும் நடக்கும். தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது, "ஒண்ணுமில்ல" என்று திரும்ப இறங்காதீர்கள். வாந்தி, மங்கலான பார்வை, கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

சீசனுக்கு முன்பே உங்கள் மாணவர் காப்பீட்டு ஆவணத்தில் விளையாட்டுக் காயம் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் பட்ட காயத்தை விலக்கி வைக்கும் திட்டங்கள் உண்டு. இன்ட்ராமூரல் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத காயம் என்றால் முதலில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போவதுதான் பர்ஸுக்கு நல்லது. நேரே எமர்ஜென்ஸிக்குப் போனால் வரும் பில், கணுக்காலைவிட அதிகம் வலிக்கும்.

ஆட்டம் பிடித்துப் போனால்

ஒரு சீசன் ஆடி விதிகள் கைவந்துவிட்டால் ரெஃபரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இது கல்லூரியே சம்பளம் கொடுத்து மாணவர்களை எடுக்கும் வேலை. எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் இருபது மணி நேரம்வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம், இதுவும் அதில் சேரும். வேறு உதவித்தொகை வேலை இருந்தால் அந்த மணி நேரமும் இருபதுக்குள் கணக்காகும் என்பதை மறக்க வேண்டாம். பயிற்சி சீசன் தொடங்கும் முன்பே நடந்துவிடும், அதனால் கோடை விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்கள் விண்ணப்பத்தை ஊரிலிருந்தே போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.